புல்தரையில் ஈர்க்கு

கோமதிநாயகம் சார் குனிந்தால் லேசில் நிமிர மாட்டார். விடிந்ததும் புல்தரையில் இறங்குவார். வலது கையில் களைக்கொத்து, இடது கையில் பழைய பெயின்ட் டப்பா. கொத்து இறங்கும், முளை துள்ளும், டப்பாவுக்குள் விழும். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்த உடம்பு. அறுபத்தாறு வயசிலும் சொன்னபடி கேட்டது.

சொன்னபடி கேட்காதது அந்த மரமல்லிதான்.

அது புல்தரையின் ஓரத்தில் நின்றது. மலையடிவாரத்தில் இந்த ஆசிரமத்தைத் தொடங்கிய பெரியவர் கையால் வைத்த மரம். பெரியவர் இப்போது இல்லை. அவர் போகிற சமயத்தில் யார் யாரோ ஆசையோடு சுற்றி நிற்க, அடுக்களையில் பன்னிரண்டு வருஷம் கஞ்சி காய்ச்சிய உமையாளைக் கூப்பிட்டு, "இனிமே நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. உமையாள் அம்மாவுக்கு இப்போது நாற்பத்தொரு வயசு. காய் நறுக்குவது இன்னமும் அவர்தான். கேள்வி கேட்க வருகிறவர்கள் அடுக்களைக்குள் போய்த் தரையில் உட்கார வேண்டும், பதில் வருகிற வரைக்கும் சின்ன வெங்காயம் உரிக்க வேண்டும்.

தன்னைவிட இருபத்தைந்து வயசு சின்னவரை கோமதிநாயகம் "அம்மா" என்பார். அவர் இவரை "சார்" என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு கூச்சமும் இருந்ததில்லை.

முன்னே அந்த இடம் வெறும் மணல். பெங்களூரிலிருந்து வந்த பக்தர் ஒருவர், எல்லாரும் மணலில் உட்கார்ந்து கண்ணை மூடுகிறார்களே என்று இரக்கப்பட்டுப் புல் பதித்துக் கொடுத்தார். பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருந்தது. ஆனால் மரமல்லிக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அதன் வேர் அந்தத் தரைக்கு அடியில் எப்போதும்போல ஓடிக்கொண்டிருந்தது. ஆனிச் சாரல் விழுந்ததும் புல்லைக் கிழித்துக்கொண்டு வேர்க்கன்றுகள் தலை நீட்டின. கண்ணை மூடி உட்கார்ந்தவர்களுக்கு அடியில் குத்தியது.

"இதை என்கிட்ட விடுங்க" என்றார் கோமதிநாயகம்.

மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை. முதலில் அரிவாளால் அறுத்தார். அறுத்த இடத்தில் இரண்டாக வந்தது. அப்புறம் களைக்கொத்தால் கொத்தினார், வேர் தெரிகிற மட்டும். பத்து நாளில் பக்கத்தில் நாலு வந்தது. கல்லுப்பைக் குழியில் போட்டுப் பார்த்தார். முளை சாகவில்லை, புல்தான் வட்டம் வட்டமாகக் கருகியது. ஒருநாள் கடப்பாரையோடு போய் மரத்துக்கும் புல்லுக்கும் நடுவில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி வேரை வெட்டினார். அடுத்த சாரலுக்குப் புல்தரை முழுக்க, வரிசை கட்டி, அவர் பழைய பள்ளிக்கூடத்துக் காலை வழிபாடு மாதிரி, கன்றுகள் எழுந்து நின்றன.

உமையாள் அம்மா எதையும் தடுக்கவில்லை. அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குக் கோமதிநாயகம் அடுக்களைக்குள் வந்து, சொல்லாமலே வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். உரித்த வெங்காயம் நாலு சேர்ந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"அம்மா, இதை எப்படி ஒழிக்கிறது?"

"எதுக்கு சார் இவ்வளவு அவசரம்?"

"எம் பொண்ணு வாரா."

உமையாள் அம்மா கத்தியை வைத்தார். இந்த ஆசிரமத்துக்கு வந்த மூன்று வருஷத்தில் கோமதிநாயகம் தன் பெண்ணைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. ஆனால் வருகிறாள் என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

"ஆவணியில தென்காசியில ஒரு கல்யாணமாம். முடிச்சிட்டு, ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் எட்டிப் பாக்கிறேன்னு நம்ம ஆசிரம ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கா. அவளுக்கு நாற்காலி ஆகாது, காலைத் தொங்கப் போட்டா முட்டி வீங்கிரும். கீழே காலை நீட்டித்தான் உக்காருவா. அந்தப் புல்லுலதான் உக்காரணும். ஒரு முளை அவளைக் குத்தக் கூடாதும்மா. என்னால அவளுக்கு இன்னொரு வலி வரக் கூடாது."

வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விஷயம் ஆசிரமத்தில் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு ஒரே பெண். பிறந்ததும் வெற்றிச்செல்வி என்று பேர் வைத்தார், அதிலேயே அவர் ஆசை தெரிந்துவிடும். நடக்கப் பழகியதிலிருந்து ஓடப் பழக்கினார். பதினேழு வயசில் எண்ணூறு மீட்டரில் மாநிலப் போட்டி வரைக்கும் கொண்டுபோனார். அன்று காலை அவள், "அப்பா, முட்டி ஒரு மாதிரி இருக்கு" என்றாள். அவர், "ஓடு, பாத்துக்கலாம்" என்றார். இரண்டாவது சுற்றில் விழுந்தாள். அப்புறம் அவள் ஓடவில்லை. நடப்பதும் ஒரு பக்கம் சாய்ந்துதான்.

"அவ என்னை இன்னும் மன்னிக்கலை" என்றார்.

"நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேனாவா! வருஷா வருஷம் அந்தத் தேதி வந்தா ஒரு கடுதாசி எழுதுவேன். பத்தொம்பது எழுதியாச்சு. எல்லாத்தையும் விலாவாரியா எழுதி, எந்தப் பாவத்தையும் மறைக்காம எழுதி, மன்னிச்சிரும்மான்னு எழுதுவேன்."

"பதில்?"

"முதல் கடுதாசிக்கு வந்துச்சு. 'சரிப்பா, விடுங்க'ன்னு. ரெண்டாவதுக்கும் வந்துச்சு. 'இதைப் பத்தி எழுதாதீங்கப்பா'ன்னு. அதுக்கப்புறம் வரலை."

"நேரில?"

"எம் பொஞ்சாதி தவறின அன்னைக்கு வந்தா. சொந்தக்காரங்க எல்லாம் கூடியிருந்தாங்க. நான் அவ காலைப் பிடிச்சிட்டேன். இந்தக் காலை நான்தான் கெடுத்தேன்னு, எல்லார் முன்னாடியும் வெக்கத்தை விட்டுச் சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

கோமதிநாயகம் இன்னொரு வெங்காயத்தை எடுத்து உரித்தார்.

"'எல்லாருக்கும் என் காலைக் காட்டாதீங்கப்பா'ன்னா. சாயங்கால வண்டியிலயே போயிட்டா."

உமையாள் அம்மா எழுந்தார். மூலையில் சாத்தியிருந்த தென்னந்துடைப்பத்தைக் கையில் எடுத்தார்.

"வாங்க சார். இன்னைக்கு நீங்க கொத்துங்க. நானும் கூட வாரேன்."

அவருக்குப் பெருமையாக இருந்தது. அம்மாவே துணைக்கு வருகிறார் என்றால் இன்றோடு இதற்கு ஒரு முடிவு கட்டிவிடலாம் என்று நினைத்தார். புல்தரையில் இறங்கி, பள்ளிக்கூடத்தில் கோடு போட்டது மாதிரி ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நேராகக் கொத்திக்கொண்டே போனார். பின்னாலேயே உமையாள் அம்மா வந்தார். களைக்கொத்து எங்கெல்லாம் வேரில் பட்டதோ, அங்கெல்லாம் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவிக் குத்தினார். கொத்து, ஈர்க்கு. கொத்து, ஈர்க்கு.

"எதுக்கும்மா அடையாளம்? அரைகுறையா விட்ட இடமா?"

"நீங்க உங்க வேலையைப் பாருங்க சார்."

வெயில் ஏறுவதற்குள் புல்தரை சுத்தமாகிவிட்டது. ஒரு முளை இல்லை. ஈர்க்குகள் மட்டும் நின்றன. துடைப்பம் பாதியாகியிருந்தது.

"இனி நாற்பத்தெட்டு நாள் இந்தப் புல்லுல இரும்பு படக் கூடாது" என்றார் உமையாள் அம்மா.

கோமதிநாயகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனசுக்குள் நாளைக் கூட்டிப் பார்த்தார். "அம்மா, அவ வர்றது சரியா அம்பதாவது நாள்!"

"அப்போ ரெண்டு நாள் இருக்கே."

"அதுக்குள்ள முளைச்சா?"

"கொத்தைக் குடுங்க."

கொடுத்தார். உமையாள் அம்மா அதை அடுக்களைப் பரணில், பெரிய அண்டாவுக்குள் போட்டு மூடினார்.

அந்த நாற்பத்தெட்டு நாளும் கோமதிநாயகம் பட்ட பாடு கொஞ்சமில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. விடிகாலையில் எழுந்து புல்லோரம் போய் நின்றுகொண்டு, தலை நீட்டும் ஒவ்வொரு தளிரையும் பார்த்துப் பல்லைக் கடிப்பார். கடைசியில், அந்தக் கையை வேறு வேலைக்குத் திருப்பினார். பெண்ணுக்கு இருபதாவது கடுதாசியை எழுத ஆரம்பித்தார். இதுவரை எழுதாத மாதிரி எழுதினார். அவளே நேரில் வருகிறாள், அவள் முன்னால் உட்கார்ந்து தானே வாசித்துக் காட்ட வேண்டும், அதோடு அவள் மனசு இறங்கிவிடும் என்று நம்பினார். பதினாலு பக்கம் ஆயிற்று.

நாற்பத்தெட்டாம் நாள் காலை உமையாள் அம்மாவே அவரைக் கூப்பிட்டார்.

இரண்டு பேரும் புல்லில் நடந்தார்கள். ஒவ்வொரு ஈர்க்குக்குப் பக்கத்திலும் கன்று நின்றது. சில இடத்தில் ஒன்று, சில இடத்தில் மூன்று, முழங்கால் உயரத்துக்கு, இலை விரித்து. ஈர்க்கு இல்லாத இடத்தில் வெறும் புல். கோமதிநாயகம் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் போனார். திரும்பி வந்தார். ஈர்க்கு இல்லாத இடத்தில் ஒரு கன்றாவது கிடைக்காதா என்று குனிந்து குனிந்து தேடினார். கிடைக்கவில்லை.

"அம்மா, இதெல்லாம்..."

"நான் ஈர்க்குதான் குத்தினேன் சார்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். எத்தனை நாள் வேலை, எத்தனை நாள் முதுகு வலி! தன் கையாலேயே ஒரு தோட்டம் போட்டிருக்கிறோமே என்று நினைத்தபோது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"போகட்டும். புல்லு எப்படியும் போகட்டும்" என்றார் கடைசியில். "கடுதாசி இருக்கு. அதாவது சரியா இருக்கு. நாளன்னைக்கு அவகிட்ட வாசிக்கணும். முதல்ல நீங்க ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்கம்மா."

"வாசிங்க" என்றார் உமையாள் அம்மா.

அடுக்களையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். உமையாள் அம்மா மடியில் அந்தப் பாதித் துடைப்பம் இருந்தது. கோமதிநாயகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, வாசித்தார்.

"'அன்புள்ள வெற்றி. அன்றைக்குக் காலையில் நீ, முட்டி ஒரு மாதிரி இருக்கிறது அப்பா என்று சொன்னாய்.'"

உமையாள் அம்மா துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவித் தரையில் வைத்தார்.

கோமதிநாயகம் அதைப் பார்த்தார். என்னவென்று பிடிபடவில்லை. தொடர்ந்து வாசித்தார்.

"'உன் முகம் வெளுத்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், ஓடு என்றேன்.'"

இன்னொரு ஈர்க்கு.

"'இரண்டாவது சுற்றில் நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் விசில் ஊதினேன்.'"

இன்னொன்று.

"'நீ விழுந்தபோது போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உன் அம்மா அதற்கப்புறம் என்னிடம் சிரித்துப் பேசியதே இல்லை.'"

இன்னொன்று.

"'அந்தக் காலத்தில் முட்டி வலி என்றால் எண்ணெய் தேய்த்துவிட்டு ஓடச் சொல்வதுதான் எங்களுக்குத் தெரிந்த வழி. உன் நல்லதுக்குத்தான்...'"

இரண்டு ஈர்க்கு வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பூ தொடுக்கிறவர் மாதிரி ஒவ்வொன்றாக உருவி, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துக்கொண்டே வந்தார்.

"'நீ சாய்ந்து சாய்ந்து நடக்கும் ஒவ்வொரு அடியும்...'"

கோமதிநாயகத்தின் குரல் நின்றது. மூன்றாவது பக்கத்தில் இருந்தார். தரையைப் பார்த்தார். அவருக்கும் அடுப்புக்கும் நடுவில் ஈர்க்குகள் வரிசையாகக் கிடந்தன. இன்னும் பதினொரு பக்கம் இருந்தது. அதற்கு முன்னால் பத்தொன்பது கடுதாசி போயிருந்தது.

பானையில் கஞ்சி கொதித்தது. உமையாள் அம்மா எழுந்துபோய்க் கிண்டிவிட்டு வந்தார். கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றினார். காகிதங்களை மடித்தார். ஈர்க்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துத் துடைப்பத்தோடு சேர்த்துக் கட்டி, மூலையில் சாத்திவிட்டு வெளியே போனார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. உமையாள் அம்மா ஆள் அனுப்பவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஆட்டோ வந்தது.

வெற்றிச்செல்வி இறங்கினாள். முப்பத்தாறு வயசு. கல்யாண வீட்டுப் பட்டுச்சேலை, தலையில் வாடிய பூ. சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தாள். கோமதிநாயகத்துக்கு ஓடிப்போய் அவள் காலில் விழ வேண்டும்போல இருந்தது. வாயில் பத்தொன்பது வருஷத்து வார்த்தைகளும் வந்து நின்றன. அவர் மென்று விழுங்கினார்.

"வாம்மா" என்றார்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"சாப்பிட்டேன். நீ?"

"கல்யாணச் சாப்பாடு. தொண்டை வரைக்கும் இருக்கு."

புல்தரைப் பக்கம் வந்ததும் அவள் நின்றாள். முழங்கால் உயரத்துக்குக் கன்றுகள், பக்கத்தில் பக்கத்தில் ஈர்க்குகள்.

"என்னப்பா இது, நீங்க இருக்கிற இடத்துலயா இப்படி? நம்ம வீட்டு முற்றத்துல ஒரு அறுகம்புல் வந்தாலே நோண்டி எடுத்துருவீங்களே?"

"கொத்துனேன். கொத்தக் கொத்த ஜாஸ்தியாச்சு. விட்டுட்டேன்."

"விட்டுட்டீங்களா?"

"ம்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். எதையோ எதிர்பார்த்து வந்தவள் மாதிரி, இப்போது ஆரம்பிப்பார், இப்போது ஆரம்பிப்பார் என்று காத்திருந்தாள். தோள் விறைத்திருந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்து, கன்று இல்லாத ஒரு இடத்தைக் கண்டுபிடித்து, தோளில் கிடந்த துண்டை விரித்தார்.

"இங்க குத்தாது. இப்படி உக்காரு."

வழக்கம்போல யாரையும் பிடிக்காமல், ஒரு கையைத் தரையில் ஊன்றி, மெதுவாக அவளே உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அந்தக் காலைப் பார்க்காமல் இருப்பது அவருக்கு மலையைத் தூக்குவது மாதிரி இருந்தது. மரமல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பையனைப் பற்றிச் சொன்னாள். மூன்றாம் வகுப்பு, கணக்கு வராது, பாட்டு நன்றாக வரும். மின்வாரிய ஆபீசில் தன் மேலதிகாரி எப்படித் தும்முவார் என்று தும்மிக் காட்டினாள். கோமதிநாயகம் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மரத்திலிருந்து பூ ஒன்றிரண்டு விழுந்தது. அவள் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். அவள் தோள் எப்போது தளர்ந்தது என்று அவர் கவனிக்கவில்லை. ஒரு மணி நேரம் என்று வந்தவள் இரண்டு மணி நேரம் இருந்தாள்.

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

வெற்றிச்செல்வி எழ முயன்றாள். கையை ஊன்றினாள், புல் வழுக்கியது. கோமதிநாயகம் பதறி எழுந்தார். ஆனால் தொடவில்லை. பத்தொன்பது வருஷமாக எழும்போது அவள் யாரையும் கைகொடுக்க விட்டதில்லை, அவரை முக்கியமாக. பக்கத்தில் நின்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, கையைக் குடுங்க."

கொடுத்தார். இரண்டு கையையும் கொடுத்தார். அவள் அவர் மேல் பாரத்தைப் போட்டு எழுந்து நின்றாள். ஆட்டோ வரைக்கும் அந்தக் கையை விடவில்லை.

"புரட்டாசியில பையனைக் கூட்டிட்டு வாரேன்பா" என்றாள்.

வண்டி திரும்பி மறைகிற வரைக்கும் அவர் வாசலில் நின்றார். பிறகு நேராக அடுக்களைக்கு வந்து உட்கார்ந்து, வெங்காயத்தை எடுத்தார். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை வெங்காயத்தின் மேல் பழி போடவில்லை.

"அம்மா, நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லலை."

"ம்."

"மன்னிப்புன்னு ஒரு சொல்லு வாயில வரலை. செஞ்ச பாவம் அப்படியே இருக்கு. அது தப்பில்லையா?"

உமையாள் அம்மா கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அவங்க எந்திரிக்கும்போது என்ன கேட்டாங்க சார்? ஜன்னல்ல இருந்து பாத்தேன், சத்தம் கேக்கலை."

"கையைக் குடுங்கன்னா."

"குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"ஒரு கையில கொத்து, ஒரு கையில கடுதாசி இருந்திருந்தா, எந்தக் கையைக் குடுத்திருப்பீங்க?"

கோமதிநாயகம் உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்து, வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.